ரஷ்யாவில் பிறந்த ஜெர்மன் விவசாயிகள்: ஒரு குடும்ப வரலாற்றை நிலத்தின் வழியே படிப்பது

அமெரிக்காவில் 1910-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கான்சஸ் மாநிலத்தின் எல்லிஸ் கவுண்டி பக்கங்களைப் புரட்டினால் ஒரே மாதிரி வரிகள் வந்துகொண்டே இருக்கும். பிறந்த இடம் ரஷ்யா. தாய்மொழி ஜெர்மன். தொழில் விவசாயம். முதல்முறை பார்க்கிற யாருக்கும் குழப்பம்தான். இவர்கள் ரஷ்யர்களா, ஜெர்மானியர்களா? இவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று தங்கள் வேர்களைத் தேடும்போது முதலில் இடறுவது இந்த வரியில்தான்.

இவர்களை ‘வோல்கா ஜெர்மானியர்கள்’ என்று சொல்வார்கள். ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்குப் போய், அங்கே நூறு வருஷத்துக்கும் மேல் விவசாயம் செய்து, பிறகு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள். ஒரு குடியேறிய விவசாயக் குடும்பத்தின் வரலாற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு இவர்களை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் ஒரே குடும்பம் இரண்டு முறை குடிபெயர்ந்திருக்கிறது. இரண்டு முறையும் காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் கீழே நிலம் இருக்கிறது. இன்னும் குறிப்பாக, நிலத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்ற விதி இருக்கிறது.

குடும்ப வரலாறு என்றதும் பெரும்பாலோர் பெயர்களையும் தேதிகளையும் மரம் மாதிரி வரைந்துகொண்டு போவார்கள். அது வேண்டியதுதான். ஆனால் விவசாயக் குடும்பத்துக்கு அது மட்டும் போதாது. எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை பையன்கள் இருந்தார்கள், மூத்தவனுக்கு என்ன கிடைத்தது, கடைசிப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் அந்த மரம் பேச ஆரம்பிக்கும்.

முதலில் ஜெர்மனிக்குள்

1871-க்கு முன்னால் ஜெர்மனி என்ற ஒரே நாடு கிடையாது. ஹெஸ்ஸெ, வூர்ட்டெம்பெர்க், பாடன், பிரஷ்யா, பவேரியா என்று சிறிதும் பெரிதுமான அரசுகள். ஒரு விவசாயியைக் கேட்டால் தன் ஊர்ப் பெயரைச் சொல்வார், அதற்கு மேல் தன் பிரபுவின் பெயரைச் சொல்வார். அதனால் பழைய ஆவணத்தில் ‘ஜெர்மனி’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஊர்ப் பெயர் கிடைக்க வேண்டும். தேவாலயப் பதிவேடுகள் ஊர் வாரியாகத்தான் இருக்கின்றன.

சொத்து விஷயத்தில் இந்தப் பகுதிகள் இரண்டு வழிகளில் போயின. தென்மேற்கில், அதாவது வூர்ட்டெம்பெர்க், பாடன், பலாட்டினேட் பக்கமும் ஹெஸ்ஸெயின் பல பகுதிகளிலும், பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மூன்று தலைமுறை கடந்தால் ஒரு வயல் துண்டு துண்டாகி, ஏர் திரும்பக்கூட இடமில்லாத கீற்றுகளாகிவிடும். வயலை மட்டும் நம்பி இருக்க முடியாமல் நெசவு, தச்சு, திராட்சைத் தோட்ட வேலை என்று கூடவே வைத்துக்கொண்டார்கள்.

வடக்கிலும் வடமேற்கிலும், வெஸ்ட்ஃபாலியா, ஓஸ்னாப்ரூக் பக்கம், நேர் எதிர். பண்ணையைப் பிரிக்கவே கூடாது; ஒரே ஒரு வாரிசுக்கு முழுதாகப் போகும். மற்ற பிள்ளைகள் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும், அல்லது அந்தப் பண்ணையிலேயே குடிசை போட்டு, வாடகைக்குப் பதிலாக உழைத்துக் கொடுத்துக் காலம் தள்ள வேண்டும். இந்தப் பகுதியில் பண்ணைக்கே ஒரு பெயர் உண்டு. பண்ணை வாரிசான பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். தகப்பன் ஒரு பெயரில், மகன் வேறு பெயரில் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்து, யாரோ வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நிலத்தைத் தொடர்ந்து போனால் அந்தத் தவறு நேராது. பண்ணை அதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு விதிகளும் ஆட்களை வெளியே தள்ளின, ஆனால் வெவ்வேறு ஆட்களை. தெற்கிலிருந்து முழுக் குடும்பங்களே கிளம்பின, இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டு. வடக்கிலிருந்து பெரும்பாலும் நிலம் கிடைக்காத இளையவர்கள் கிளம்பினார்கள். உங்கள் முன்னே இருக்கிற கப்பல் பட்டியலில் தாத்தா, பாட்டி, ஆறு பிள்ளைகள் என்று வருகிறதா, இல்லை இருபத்திரண்டு வயது வாலிபன் தனியாக வருகிறானா என்பதே ஒரு துப்பு.

காத்தரினின் அழைப்பு

1763 ஜூலை 22 அன்று ரஷ்யப் பேரரசி இரண்டாம் காத்தரின் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரே ஜெர்மன் அரச குடும்பத்தில் பிறந்தவர். வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் உழுவதற்கு ஆளில்லாத புல்வெளி பரந்து கிடந்தது. அங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு மத சுதந்திரம், 30 வருஷ வரிவிலக்கு, வட்டியில்லாக் கடன், தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து நிரந்தர விலக்கு என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வருஷத்தில்தான் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் முடிந்திருந்தது. ஹெஸ்ஸெ பகுதி வழியாகப் படைகள் போய்வந்து, தானியத்தையும் குதிரைகளையும் பையன்களையும் எடுத்துப் போயிருந்தன. ஏற்கெனவே துண்டுபட்ட நிலம், அதற்கு மேல் போர். ஆள் சேர்க்க வந்த முகவர்களுக்கு வேலை சுலபமாக இருந்தது. ஹெஸ்ஸெயில் பூடிங்கென் என்ற சிற்றூர் கூடுமிடமாக ஆனது. 1766-இல் சில மாதங்களுக்குள் அந்த ஊர் தேவாலயத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜோடிகளுக்குத் திருமணம் நடந்தது. குடும்பமாகப் போனால்தான் நிலம் கிடைக்கும் என்பதால் வழியிலேயே அவசரமாகக் கட்டிக்கொண்டவர்கள் பலர். இன்று வோல்கா வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அந்தத் திருமணப் பதிவேடு ஒரு பொக்கிஷம். மாப்பிள்ளை எந்த ஊர், பெண் எந்த ஊர் என்று அதில் இருக்கிறது.

அங்கிருந்து லூபெக் துறைமுகம், கப்பலில் பால்டிக் கடல் கடந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஒரானியென்பாம், அப்புறம் ஆற்று வழியும் தரை வழியுமாக வோல்கா கரை நகரமான சரத்தோவ். பயணம் மாதக்கணக்கில் நீண்டது. குளிர்காலம் வந்தால் வழியில் ரஷ்யக் கிராமங்களில் தங்கி, பனி உருகிய பின் கிளம்பினார்கள். சுமார் 30,000 பேர் புறப்பட்டார்கள், வழியிலேயே இறந்துபோனவர்கள் நிறைய. 1764-இலிருந்து 1767-க்குள் ஆற்றின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் எழுந்தன. முதல் ஊர் தோப்ரிங்கா, 1764 ஜூன் கடைசியில்.

சொன்னபடி வீடுகள் தயாராக இல்லை. வந்தவர்களில் விவசாயமே தெரியாத தையல்காரர், செருப்புத் தைப்பவர், பழைய சிப்பாய் எல்லோரும் இருந்தார்கள். அவர்களையும் ஏர் பிடிக்கத்தான் சொன்னார்கள். மரமில்லாத சமவெளியில் மண்ணைக் குழிதோண்டி முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1774-இல் புகச்சோவின் கிளர்ச்சிப் படை அந்த வழியாக வந்தது. கிழக்குக் கரை ஊர்களைப் புல்வெளி நாடோடிக் குழுக்கள் தாக்கி, ஆட்களைப் பிடித்துப் போயின. ‘பேரரசியின் விருந்தாளிகள்’ என்று வம்சாவளி எழுதுகிறவர்கள் சில சமயம் பெருமையாக எழுதுவார்கள். முதல் பத்து வருஷத்தின் இறப்புகளைப் பார்த்தால் அப்படி எழுத எனக்குக் கை வராது.

வோல்காவில் நிலம் யாருடையது?

முக்கியமான திருப்பம் இங்கே வருகிறது. வந்த புதிதில் குடும்பத்துக்கு 30 தெசியத்தீனா என்று கணக்கு. ஒரு தெசியத்தீனா சுமார் 2.7 ஏக்கர். ஆனால் காலப்போக்கில் வோல்கா ஜெர்மானியர்கள் சுற்றியிருந்த ரஷ்ய கிராமங்களின் முறைக்கு மாறிவிட்டார்கள். அதற்கு ‘மீர்’ என்று பெயர். நிலம் ஊருக்குப் பொது. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊரில் உள்ள ஆண்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பையன் பிறந்தால் பங்கு கூடும். யாராவது இறந்தால் குறையும்.

இந்த விதி குடும்பத்தின் உருவத்தையே மாற்றியது. பையன்களுக்குக் கல்யாணமானாலும் தனிக்குடித்தனம் போக மாட்டார்கள். தாத்தா, அவருடைய பையன்கள், மருமகள்கள், பேரன்கள் என்று இருபது பேர் வரை ஒரே கூரைக்குக் கீழே. ஆண் பங்கு கூடக்கூட வீட்டுக்குக் கைவசம் நிலம் கூடும். ஆனால் அடுத்த பங்கீட்டில் இந்த வயல் யாருக்குப் போகுமோ என்ற நிலையில், எருப் போட்டு மண்ணை வளப்படுத்த எவருக்கு மனம் வரும்? ஊரின் மொத்த நிலம் அவ்வளவாகக் கூடவில்லை, ஆண்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பங்கீட்டிலும் தலைக்குக் கிடைத்தது சுருங்கியது. ஹெஸ்ஸெயில் பாகப்பிரிவினை செய்த வேலையை நூறு வருஷம் கழித்து வோல்காவில் மீர் செய்தது.

கருங்கடல் கரையில், ஒடெஸா பக்கம் குடியேறிய ஜெர்மானியர்கள் வேறு தனிக் கூட்டம். அவர்கள் 1804-க்குப் பிறகு, முதலாம் அலெக்ஸாண்டர் காலத்தில், பெரும்பாலும் வூர்ட்டெம்பெர்க், பாடன், அல்சாஸ் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அங்கே மீர் கிடையாது. குடும்பத்தின் நிலத்தைப் பிரிக்காமல் ஒரே மகனுக்குக் கொடுத்தார்கள், பல இடங்களில் கடைசி மகனுக்கு. மற்றவர்கள் சேர்த்து வைத்த பணத்தில் தூரத்தில் நிலம் வாங்கிப் புது ஊர் அமைத்தார்கள். அதனால் ஒரு கருங்கடல் குடும்பத்தைத் தேடும்போது ஒவ்வொரு தலைமுறையும் வேறு ஊரில் இருக்கும். வோல்கா குடும்பம் என்றால் மூன்று நான்கு தலைமுறை ஒரே ஊரில் அசையாமல் இருப்பது சாதாரணம். எந்தக் கூட்டம் என்று தெரியாமல் தேட ஆரம்பித்தால் வருஷங்கள் வீணாகும்.

மறுபடி மூட்டை கட்டியது

1871-இல் இரண்டாம் அலெக்ஸாண்டர் குடியேறிகளுக்கு இருந்த சிறப்பு அந்தஸ்தை எடுத்துவிட்டார். 1874 ஜனவரியில் எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை என்று சட்டம் வந்தது. ‘நிரந்தரம்’ என்று காத்தரின் சொன்னது 111 வருஷத்தில் முடிந்தது. குடும்பக் கதைகளில் எப்போதும் இந்த ராணுவக் காரணம்தான் வரும். தாத்தா பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்தார் என்று. அது உண்மைதான், ஆனால் பாதி. நிலம் தாராளமாக இருந்திருந்தால் அத்தனை பேர் கிளம்பியிருப்பார்களா என்பது என் சந்தேகம். கிளம்பிய நேரத்தை ராணுவச் சட்டம் தீர்மானித்தது. கிளம்பும் எண்ணத்தை நிலம் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தது.

அமெரிக்காவில் 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்திருந்தது. குடும்பத் தலைவர் எவரும் 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் சொந்தம். பதிவுக் கட்டணம் மட்டும்தான் செலவு. இன்னொரு பக்கம் ரயில்வே நிறுவனங்களிடம், பாதை போட அரசு கொடுத்த நிலம் லட்சக்கணக்கான ஏக்கர் இருந்தது. அதை விற்க வேண்டும், ரயிலில் ஏற்றத் தானியமும் வேண்டும். அதனால் ரஷ்யாவிலிருந்து வரும் கோதுமை விவசாயிகளை அவர்கள் தேடித் தேடி அழைத்தார்கள்.

வோல்காக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பவில்லை. 1874-இல் ஆட்களை அனுப்பி நெப்ராஸ்காவையும் கான்சஸையும் பார்த்துவரச் சொன்னார்கள். போனவர்கள் நெப்ராஸ்கா மண்ணில் கொஞ்சமும், அங்கே விளைந்த புல்லும் கொண்டுவந்து ஊரில் காட்டினார்கள். மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, முடிவு செய்கிற விவசாயிகள்.

1875 அக்டோபரில் சரத்தோவிலிருந்து கிளம்பிய ஒரு கத்தோலிக்கக் கூட்டம் ஒரு மாதத்தில் பால்ட்டிமோரில் இறங்கியது. 1876-இல் அவர்கள் மேற்கு கான்சஸில் ஊர்கள் அமைக்க ஆரம்பித்தார்கள். பெயர்களைப் பாருங்கள்: ஹெர்ட்சோக், காதரின், மன்ஜோர், ஃபைஃபர், ஷென்ஷென், லீபென்தால். வோல்காவில் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள் அப்படியே, அல்லது லேசாகத் தேய்ந்து. வம்சாவளி தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டுமா? கொள்ளுத்தாத்தா மன்ஜோரில் நிலம் வாங்கினார் என்றால், முதலில் தேட வேண்டிய வோல்கா ஊர் ஓபர்மோன்ஜூ.

கான்சஸில் சேர்ந்து வாழும் பழக்கத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. வோல்காவில் வீடெல்லாம் ஊருக்குள், வயல் வெளியே. ஆனால் ஹோம்ஸ்டெட் சட்டப்படி எடுத்த நிலத்தின் மேலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். சிலர் வாரநாட்களில் நிலத்தில் இருந்துவிட்டு ஞாயிறு பூசைக்கு ஊர் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் ரயில்வே நிலத்தை விலைக்கு வாங்கி, நடுவே ஊருக்கென்று இடம் ஒதுக்கிக்கொண்டார்கள். மெல்ல மெல்ல இருபது பேர் வீடு உடைந்து, ஒவ்வொரு மகனும் தன் 160 ஏக்கரில் தனியே நின்றான். மூன்றாவது நில விதி, மூன்றாவது வகைக் குடும்பம்.

மரம் இல்லாத நாடு அது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி வேலிக்கம்பமாக நட்டார்கள். மத்திய கான்சஸ் சாலைகளில் இன்றும் அந்தக் கல்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஹெர்ட்சோக் ஊர், பக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய விக்டோரியாவோடு பின்னாளில் சேர்ந்துவிட்டது. அங்கே புனித ஃபிடெலிஸ் தேவாலயத்தை 1908-இல் கட்டத் தொடங்கி 1911-இல் முடித்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெரிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். வெற்றுச் சமவெளியில் இரட்டைக் கோபுரத்தோடு எழும்பிய அதை ‘சமவெளியின் பேராலயம்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

தாமதமாக வந்தவர்களுக்கு இலவச நிலம் மிச்சமில்லை. அவர்கள் நெப்ராஸ்கா, கொலராடோவின் சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்குக் கூலியாகப் போனார்கள். நாற்றுக் கலைப்பது, களை எடுப்பது, தலையை வெட்டுவது எல்லாம் குனிந்து செய்கிற கைவேலை. பிள்ளைகளும் பள்ளியை விட்டு வயலில் இறங்கினார்கள். கூலியிலிருந்து குத்தகைக்கு, குத்தகையிலிருந்து சொந்த நிலத்துக்கு ஏறியவர்கள் பலர். குடும்ப வரலாற்றில் இந்த ஏறுபடியைக் கணக்கெடுப்புகளே காட்டும். 1900-இலிருந்து வீடோ பண்ணையோ சொந்தமா வாடகையா என்று ஒரு கட்டம் அதில் உண்டு. அந்த ஒரு எழுத்து மாறுவதற்குப் பின்னால் பத்து வருஷ முதுகுவலி இருக்கிறது.

ஆவணங்களில் எங்கே கவனம் வேண்டும்

ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாகத் தடுமாறும் சில இடங்களைச் சொல்கிறேன்.

பெயர் விஷயம் முதலில். ஒரு வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பேட்டர், யோஹான் ஹைன்ரிக் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். முதல் பெயர் ஞானஸ்நானத்துக்கு. வீட்டிலும் ஊரிலும் கூப்பிடுவது இரண்டாவது பெயரை. அமெரிக்கா வந்ததும் கியோர்க் ‘ஜார்ஜ்’ ஆகிவிடுவார், யோஹான் மறைந்துவிடும். பெரும்பாலும் ஞானப் பெற்றோரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். அதனால் ஞானஸ்நானப் பதிவில் அவர்களுடைய பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பாவாக இருப்பார்கள். குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் வந்தால், இறப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

ரஷ்ய எழுத்து இன்னொரு முடிச்சு. ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலிக்கு எழுத்து கிடையாது. அதற்குப் பதில் ‘க’ போடுவார்கள். ஹார்ட்மான் என்பவர் ரஷ்யப் பட்டியலில் கார்ட்மான் ஆகியிருப்பார், ஹெர்ட்சோக் ஊர் கெர்ட்சோக் ஆகும். ‘ஹ’ வரிசையில் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் ‘க’ வரிசையில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் நாட்காட்டியைச் சந்தேகியுங்கள். ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது நம் வழக்கமான நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. வோல்கா பதிவேட்டில் மார்ச் 3 என்றும் கான்சஸ் கல்லறையில் மார்ச் 15 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே நாள்.

‘எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்று ஏராளமான குடும்பங்கள் சொல்லும் (நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த தீவு அது). கப்பல் பட்டியலை எழுதியது புறப்பட்ட இடத்தில், கப்பல் நிறுவனத்தின் ஆட்கள். அமெரிக்க அதிகாரி அதை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவே. தவிர எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல். 1876-இல் வந்தவர் அங்கே இறங்கியிருக்க வழியில்லை. பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, பள்ளிக்கூடத்திலும் கடைக் கணக்கிலும் குடியுரிமைத் தாளிலும், பல சமயம் குடும்பத்தின் சொந்த விருப்பத்தில்.

கப்பல் பட்டியல் என்றால், ஹம்பர்க் துறைமுகத்தின் புறப்பாட்டுப் பட்டியல்கள் 1850-இலிருந்து 1934 வரை பெரும்பாலும் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் அதில் உண்டு. பிரேமன் துறைமுகத்தினுடையவை பெரும்பாலும் போய்விட்டன. வைக்க இடமில்லை என்று அலுவலகமே பழையவற்றை அழித்தது, மிச்சம் இரண்டாம் உலகப் போரில் போனது. உங்கள் குடும்பம் பிரேமன் வழியாக வந்தது என்றால் அமெரிக்கத் துறைமுகத்தில் கொடுத்த பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

குடியுரிமைத் தாள்களைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பிப்பவர் தன் பழைய மன்னரின் விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ரஷ்யப் பேரரசரா, வூர்ட்டெம்பெர்க் மன்னரா, ஹெஸ்ஸெ பெருங்கோமகனா என்பதில் அவர் எங்கிருந்து வந்தார் என்பது தெளிவாகிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஹோம்ஸ்டெட் கோப்புகள். ஐந்து வருஷம் முடிந்ததும் விவசாயி இரண்டு சாட்சிகளோடு போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்தப் பொருளால் கட்டியது, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை பருவம் பயிர் எடுத்தார், பிள்ளைகள் எத்தனை பேர் எல்லாம் அதில் இருக்கும். கொள்ளுத்தாத்தா ஒரு நாள் அலுவலகத்தில் நின்று வாயால் சொன்ன பதில்கள். சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள், அவர்களும் அதே வோல்கா ஊராக இருப்பார்கள். இந்தக் கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, நகல் வாங்கலாம்.

குடும்பக் கதைகளை ஒதுக்க வேண்டாம், ஆனால் ஆவணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1874-இல் கான்சஸுக்கு வந்த மென்னோனைட் என்ற ஜெர்மன் கிறிஸ்தவப் பிரிவினர் ‘டர்க்கி ரெட்’ என்ற குளிர்காலக் கோதுமையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் நல்ல மணியாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் நிரப்பினார்கள் என்று ஒரு கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் கான்சஸ் முழுக்க அந்தக் கோதுமை பரவியதற்கு, பெர்னார்ட் வார்கென்டின் என்ற மாவு ஆலைக்காரர் பெரிய அளவில் விதை வரவழைத்ததற்கும் பங்கு உண்டு. கதை அன்பைச் சொல்கிறது, கணக்கு அளவைச் சொல்கிறது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

மொழி நின்றுபோன இடம்

1917-இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதும் இந்த விவசாயிகள் சந்தேகத்துக்குரியவர்களானார்கள். நெப்ராஸ்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊர் 1918-இல் கார்லண்ட் என்று பெயர் மாறியது. 1919-இல் அந்த மாநிலம், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்றுமொழி கற்பிப்பதையே தடை செய்தது. ஒரு லூத்தரன் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிப்பு சொல்லிக்கொடுத்ததற்காக ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விழுந்தது. அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார்; 1923-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் பல தேவாலயங்கள் பதிவேட்டை ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தன. பெற்றோர் பிள்ளைகளோடு ஜெர்மன் பேசுவதைக் குறைத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கடிதங்களைப் படிக்க முடியாமல் போனதற்கு இதுதான் தொடக்கம். மொழி தெரிந்தாலும் அந்தக் கையெழுத்து தடை. குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைத் தனியாகப் பழக வேண்டும்.

எல்லா இடத்திலும் உடனே மறையவில்லை. வட டக்கோட்டாவின் ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் கருங்கடல் ஜெர்மன் குடும்பத்தில் 1903-இல் பிறந்தவர் லாரன்ஸ் வெல்க். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய இசைக்குழுத் தலைவர். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தும் அவர் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை கடைசிவரை போகவில்லை.

அங்கேயே தங்கிவிட்டவர்கள்

அமெரிக்கா போனது ஒரு பகுதிதான். 1897 ரஷ்யக் கணக்கெடுப்பில் அந்தப் பேரரசில் சுமார் 18 லட்சம் ஜெர்மன் மொழிக்காரர்கள் இருந்தார்கள். அண்ணன் கான்சஸில், தம்பி வோல்காவில் என்று பிரிந்த குடும்பங்கள் கடிதத்தால் பிணைந்திருந்தன. 1921-22 பஞ்சத்தில் வோல்கா ஊர்கள் மடிந்தபோது நெப்ராஸ்காவிலும் ஓரிகனிலும் இருந்த உறவினர்கள் பணம் திரட்டி உணவு அனுப்பினார்கள். 1924-இல் அங்கே வோல்கா ஜெர்மன் தன்னாட்சிக் குடியரசு அமைந்தது. 1930-களில் கடிதங்கள் நின்றுபோயின. வெளிநாட்டிலிருந்து கடிதம் வருவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம்.

1941 ஆகஸ்ட் 28-இல் சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது. வோல்கா ஜெர்மானியர்கள் அனைவரையும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் வெளியேற்ற வேண்டும். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கானவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். 1764-இலிருந்து இருந்த ஊர்கள் காலியாயின. ஆண்களும் பின்னர் பெண்களும் கட்டாய உழைப்பு முகாம்களுக்குப் போனார்கள். அமெரிக்கக் குடும்ப மரங்களில் ஒரு கிளை 1930-களில் திடீரென்று வெறுமையாக நிற்பதைப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் கடிதங்கள் நின்றதும் அதற்குப் பின் வந்த இந்த வெளியேற்றமும்தான். சோவியத் ஒன்றியம் உடைந்த பின் இவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பெருந்தொகையாக ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார்கள். அதனால் இன்று கான்சஸ்காரர் தன் வோல்கா உறவைத் தேடினால், ஆள் வோல்காவில் இருக்க மாட்டார். ஜெர்மனியில் ஏதாவது ஒரு நகரத்தில் இருப்பார்.

ஆவணங்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. குடியேறிகளின் முதல் பட்டியல்கள், 1798-இலும் அதன் பின்னும் எடுத்த ஊர்க் கணக்குகள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி சரத்தோவிலும் ஆற்றின் எதிர்க்கரையில் எங்கெல்ஸிலும் உள்ள அரசு ஆவணக் காப்பகங்களில் உள்ளன. 1968-இல் தொடங்கிய ‘ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்களின் அமெரிக்க வரலாற்றுச் சங்கம்’ நெப்ராஸ்காவின் லிங்கனிலிருந்து ஊர் வாரியாக வம்சாவளிகளைத் திரட்டி வருகிறது. உங்கள் ஊருக்கென்று ஏற்கெனவே யாராவது உட்கார்ந்து வேலை செய்திருக்கலாம், முதலில் அங்கே கேட்பது நல்லது.

இப்போது பலரும் டிஎன்ஏ பரிசோதனையிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தக் குடும்பங்களில் அதை அப்படியே நம்ப முடியாது. ஒரே ஊர், ஒரே மதப் பிரிவு, அதற்குள்ளேயே நூறு வருஷத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய சம்பந்தங்கள். மூன்று நான்கு வழிகளில் உறவாகிற இருவருக்குப் பொதுவான டிஎன்ஏ கூடுதலாக இருக்கும், ஐந்தாம் தலைமுறைப் பங்காளியை மூன்றாம் தலைமுறை என்று சோதனை காட்டிவிடும். அந்த உறவு எந்த வழியில் என்பதை ஊர்ப் பதிவேட்டில் திருமணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.